இடைநின்ற மாணவர்களுக்கான சார்ட்டர் பள்ளிகள்: மாநில அரசு எந்த அளவுகோலால் அளக்க வேண்டும்?

கொலம்பஸ்வாசி:
வணக்கம். ஒஹாயோ பள்ளிகள் பற்றிய இழையில் பேச்சு வீட்டு வரிப் பக்கம் போய்விட்டது. அதனால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

கொலம்பஸில், படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளுக்கான ஒரு சார்ட்டர் பள்ளியில் மாலை நேரத்தில் கணக்கு சொல்லித் தருகிறேன். சம்பளம் கிடையாது, விருப்பப்பட்டுச் செய்வது. வருகிறவர்களுக்கு வயது 16 முதல் 21. வேலை முடிந்து சீருடையோடு வந்து உட்காருகிறவர்கள் உண்டு. கைக்குழந்தையோடு வரும் பெண்கள் உண்டு. சிறார் நீதிமன்றம் அனுப்பி வைத்தவர்களும் உண்டு.

என் கேள்விக்கு வருகிறேன். 18 வயதுப் பையன் ஒருவன் 4 கிரெடிட்டோடு (பாடத்தில் தேறினால் கிடைக்கும் அலகு) வந்து சேருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒஹாயோவில் பள்ளி டிப்ளமோவுக்கு 20 கிரெடிட் வேண்டும். அவன் விழுந்து எழுந்து 20 வயதில் டிப்ளமோ வாங்குகிறான். எனக்கு அது வெற்றி. ஃபெடரல் கணக்கில் அது தோல்வி. 2008இல் வந்த ஃபெடரல் விதிப்படி, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் நான்கே ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதுதான் முதன்மைக் கணக்கு. பிள்ளை பள்ளி மாறினால் அவன் கணக்கும் கூடவே மாறும். மூன்று ஆண்டு அவனைக் கண்டுகொள்ளாமல் விட்ட பெரிய பள்ளியின் ஏட்டிலிருந்து அவன் பெயர் போய்விடும். கடைசியில் கதவைத் திறந்த பள்ளியின் தலையில் விழும். 2015இல் வந்த கல்விச் சட்டம், மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் முடிக்காத எந்த உயர்நிலைப் பள்ளியையும் மோசமானவற்றின் பட்டியலில் வைக்கச் சொல்கிறது. எங்களைப் போன்ற பள்ளி திறந்த அன்றே அந்தப் பட்டியலுக்குத் தகுதி பெற்றுவிடும்.

ஒஹாயோ மாநிலம் இதை ஓரளவு புரிந்துகொண்டு தனி மதிப்பீட்டு அட்டை வைத்திருக்கிறது. நான்கு ஆண்டு முதல் எட்டு ஆண்டு வரையிலான தேர்ச்சியைச் சேர்த்துப் பார்க்கிறது. இந்தத் தனி அளவுகோல் சரிதானா, இதற்குக் காவல் யார், உங்கள் மாநிலங்களில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை.

ராமநாதபுரத்தான்:
முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். சார்ட்டர் என்றால் நம்ம ஊர் எய்டட் ஸ்கூல் மாதிரியா? பணம் அரசுடையது, நிர்வாகம் தனியார்?

கொலம்பஸ்வாசி:
ஏறக்குறைய அதுதான் சார். ஃபீஸ் வாங்கக் கூடாது, நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். எய்டட் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வரும். இங்கே சேர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு என்று பள்ளிக்கே பணம் வரும். அதற்கு ஈடாக ஓர் ஒப்பந்தம், அதுதான் சார்ட்டர். சொன்னதைச் செய்யாவிட்டால் மூடிவிடலாம். ஒஹாயோவில் ஒப்பந்தம் போட்டு மேற்பார்வை செய்யும் அமைப்புக்கு ஸ்பான்சர் என்று பெயர். பள்ளிக்கு வரும் மாநிலப் பணத்தில் 3 சதவீதம் வரை அந்த ஸ்பான்சர் கட்டணமாக எடுத்துக்கொள்ளலாம்.

ராமநாதபுரத்தான்:
கண்காணிக்கிறவருக்குக் கண்காணிக்கப்படுகிறவர் கையிலிருந்து சம்பளம். பள்ளி பெருத்தால் அவரும் பெருப்பார். நல்ல ஏற்பாடு!

டாலஸ் மதி:
டெக்சஸ் கதையைச் சொல்கிறேன். இங்கே சார்ட்டர் சட்டம் 1995இல் வந்தது. 2013இல் அதை நன்றாக இறுக்கினார்கள். உரிமம் கொடுக்கும் வேலை மாநிலக் கல்வி வாரியத்திடமிருந்து கல்வி ஆணையரிடம் போனது. படிப்பிலோ நிதி நிர்வாகத்திலோ தொடர்ந்து மூன்று ஆண்டு தோல்வி மதிப்பெண் வாங்கினால் ஆணையர் உரிமத்தை ரத்து செய்தே ஆக வேண்டும். "அடுத்த வருஷம் சரியாகிவிடும்" என்று கெஞ்ச முடியாது.

அதே நேரத்தில் இடைநின்ற மாணவர்களுக்கான பள்ளிகளுக்கு மாற்று மதிப்பீடு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை மாநிலத் தேர்வை மறுபடி எழுதினால், அந்த ஆண்டில் எழுதியவற்றுள் சிறந்ததை மட்டுமே பள்ளியின் கணக்கில் எடுப்பார்கள். 21 வயதைத் தாண்டியவர்களையும் 26க்குள் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. இதெல்லாம் நல்ல விஷயம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் "அட்-ரிஸ்க்", அதாவது படிப்பை இடையில் விடும் அபாயத்தில் இருப்பவர், என்பதற்கு டெக்சஸ் சட்டத்தில் இருக்கும் பட்டியல் ரொம்ப நீளம். கர்ப்பமாக இருப்பவர், குழந்தை பெற்றவர், பரோலில் இருப்பவர், வீடில்லாதவர், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர், வகுப்பில் தங்கியவர், இரண்டு முதன்மைப் பாடங்களில் தேறாதவர், ஆங்கிலம் இன்னும் கைவராதவர் என்று போகும். மாநிலத்தின் மொத்த மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இதற்குள் வந்துவிடுகிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளும் இதில் உண்டு. சென்னையிலிருந்து வந்ததும் பள்ளியில் ஒரு படிவம் கொடுப்பார்களே, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று? "தமிழ்" என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதில் கொஞ்சம் சறுக்கினால் அட்-ரிஸ்க் என்று பதிவாகிவிடும். அப்பா ஐடி கம்பெனியில் ஆர்க்கிடெக்ட், அம்மா டாக்டர், பிள்ளை ஸ்பெல்லிங் பீக்குத் தயாராகிறது. ஏட்டில் அதுவும், மூன்று முறை பள்ளியை விட்டு ஓடிய பிள்ளையும் ஒரே வரிசை. மாற்று மதிப்பீட்டுக்குப் பள்ளியில் 75 சதவீதம் அட்-ரிஸ்க் மாணவர்கள் இருக்க வேண்டும் என்கிறது விதி. பட்டியல் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது அந்த 75 யாரை வடிகட்டும் என்று எனக்குப் புரியவில்லை.

தணிக்கைக்காரன்:
கிளீவ்லாந்திலிருந்து எழுதுகிறேன். தொழிலே கணக்குப் பார்ப்பது. கொலம்பஸ்வாசி கேட்ட "காவல் யார்" என்ற கேள்விக்கு ஒஹாயோவே ஒரு பாடம் வைத்திருக்கிறது. இங்கே புதிதாக வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஈகாட் என்று ஒரு இணையவழி சார்ட்டர் பள்ளி இருந்தது. முழுப் பெயர் எலக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ. 2000இல் தொடங்கியது. 2015-16ஆம் கல்வியாண்டில் சுமார் 15,300 முழுநேர மாணவர்கள் என்று சொல்லிப் பணம் வாங்கியது. மாநிலக் கல்வித் துறை உள்ளே நுழைந்து, பிள்ளைகள் கணினியில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பதிவுகளைக் கேட்டது. தேறியது சுமார் 6,300 மாணவர்களுக்கான கணக்குதான். கிட்டத்தட்ட 6 கோடி டாலரைத் திருப்பிக் கொடு என்றார்கள். அடுத்த ஆண்டுக் கணக்கில் மேலும் 1.9 கோடி.

பள்ளி தரப்பு வாதத்தைக் கேளுங்கள். சட்டம் ஆண்டுக்கு 920 மணி நேரக் கல்வியை "அளிக்க" வேண்டும் என்கிறது, நாங்கள் அளித்தோம், பிள்ளை உட்கார்ந்து படித்தானா என்பது எங்கள் பொறுப்பல்ல. கல்யாண மண்டபத்தில் இலை போட்டாயிற்று, சாப்பிட யாரும் வராவிட்டாலும் பந்திக்குக் காசு கொடு என்ற கதை. 2018 ஆகஸ்ட்டில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 4-க்கு 2 என்று இந்த வாதத்தைத் தள்ளியது. அதற்கு முன்பே ஜனவரியில் பள்ளி மூடப்பட்டிருந்தது.

இந்த இழைக்குத் தொடர்புள்ள இடம் இனிமேல்தான். மாட்டிக்கொண்ட பிறகு, 2017இல், அந்தப் பள்ளி என்ன வகையாக மாற விண்ணப்பித்தது தெரியுமா? இடைநின்ற மாணவர்களுக்கான பள்ளியாக! அந்த வகைக்குள் போனால் மதிப்பீடு இளகும், தொடர்ந்து மோசமான மதிப்பெண் வாங்கியதற்காகத் தானாக மூடும் விதியிலிருந்து தப்பலாம். தனி அளவுகோல் என்பது பின்வாசல் என்று நான் சொன்னால் கோபப்படாதீர்கள், முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. 2014 அக்டோபரில் மாநிலத் தணிக்கையாளர் 30 சார்ட்டர் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் ஆள் அனுப்பித் தலை எண்ணச் சொன்னார். யங்ஸ்டவுனில் இடைநின்றவர்களுக்கான ஒரு பள்ளி. ஏட்டில் 95 பேர். கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை.

ராமநாதபுரத்தான்:
95க்குப் பூஜ்யமா? இதற்கு மேல் என்ன விவாதம்? இழுத்து மூட வேண்டியதுதானே.

கொலம்பஸ்வாசி:
> 95க்குப் பூஜ்யமா?

அந்தப் பள்ளியின் விளக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்வுக்கான பயிற்சி முடிந்து பிள்ளைகளை மதியமே அனுப்பிவிட்டோம் என்றார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் தலை எண்ணுவதில் ஒரு சிக்கல் நிஜமாகவே இருக்கிறது. இந்த வகைப் பள்ளிகள் பெரும்பாலும் ஷிஃப்ட் முறையில் நடக்கின்றன. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், சில இடங்களில் மாலையிலும். பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து எண்ணுகிறவருக்குக் காலையில் வந்து போன பையன் எப்படித் தெரிவான்? ஏட்டில் உள்ள மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிடாமல், அந்த ஷிஃப்டுக்கு யார் வர வேண்டுமோ அந்தப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

மூடுவதைப் பற்றி. ஈகாட் மூடியபோது அதில் சுமார் 12,000 பிள்ளைகள். ஆண்டின் நடுவில், ஜனவரி மாதத்தில். பெற்றோருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஏற்கெனவே இரண்டு பள்ளி மாறி ஒதுங்கியவன் ஜனவரியில் மூன்றாவது பள்ளியின் வாசலில் போய் நிற்பானா? பணத்தைத் தின்றவரைப் பிடிக்கிற வேகத்தில், பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. உரிமத்தை ரத்து செய்கிற அதிகாரிக்கு, ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பள்ளியில் சேர்ந்தான் என்று ஆறு மாதம் கழித்துக் கணக்குக் கொடுக்கும் கடமையையும் வைக்க வேண்டும் என்பேன்.

தணிக்கைக்காரன்:
ஷிஃப்ட் விஷயம் நியாயம். ஆனால் ஷிஃப்ட் பட்டியலையும் பள்ளிதான் எழுதுகிறது என்பதை மறக்காதீர்கள். அதை முன்கூட்டியே மாநிலத்திடம் கொடுத்துவிட வேண்டும், பிறகு திருத்தக் கூடாது. அப்போது சம்மதம்.

கொலம்பஸ்வாசி:
சம்மதம். இன்னொரு விதியைப் பற்றியும் கேட்க வேண்டும். ஒஹாயோவில் சார்ட்டர் பள்ளி மாணவன் தகுந்த காரணமில்லாமல் தொடர்ந்து 72 மணி நேரப் பாடத்துக்கு வராவிட்டால் அவன் பெயரைத் தானாக நீக்க வேண்டும். முன்பு 105 மணி நேரமாக இருந்தது, குறைத்துவிட்டார்கள். ஏன் குறைத்தார்கள் என்று புரிகிறது, இல்லாத பிள்ளைக்குப் பணம் போகக் கூடாது. ஆனால் எங்களிடம் வருகிறவர்களின் பிரச்சினையே திடீரென்று காணாமல் போவதுதான். ஒருத்திக்குப் பிரசவம், ஒருவனுக்கு வேலை நேரம் மாறியது, ஒருவன் வீட்டைக் காலி செய்து தூங்க இடம் தேடி அலைகிறான். இதில் சிலவற்றைத் தகுந்த காரணமாக ஏற்பார்கள், ஆனால் காரணத்தை எழுதித் தர அந்தப் பையன் ஃபோனை எடுக்க வேண்டுமே! பெயர் நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பதும், அடுத்த மாதம் மறுபடி நீக்குவதும் அலுவலகத்தில் ஒருவருக்கு முழுநேர வேலை.

டாலஸ் மதி:
டெக்சஸில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. இங்கே பணம் சராசரி தினசரி வருகையின் அடிப்படையில்தான் வரும். வராத நாளுக்குப் பணம் இல்லை, அவ்வளவுதான். ஊழலுக்கு இடம் குறைவு. ஆனால் கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைகளை அதிகம் சேர்க்கும் பள்ளிக்குத்தான் வருகையும் குறைவு, அதனால் பணமும் குறைவு. வாடகையும் ஆசிரியர் சம்பளமும் மட்டும் அதேதான். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக நாளைத் துண்டு போட்டு நிமிடக் கணக்கில் வருகை பதிய ஒரு திட்டம் உண்டு, அது கொஞ்சம் கை கொடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான பிள்ளையைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்ல டெக்சஸ் சட்டம் சார்ட்டர் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் போதும். ஆக நல்ல மதிப்பெண் வாங்கும் சார்ட்டர் அந்தப் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பும், அவன் கடைசியில் இடைநின்றவர்களுக்கான பள்ளிக்குப் போவான், அந்தப் பள்ளியை மாநிலம் "மோசம்" என்று எழுதும். இரண்டு பக்கமும் ஒரே சட்டப் புத்தகம்.

சாக்ரமென்டோ சுந்தரி:
மதி அக்கா சொன்ன "நீளமான பட்டியல்" பிரச்சினைக்குக் கலிஃபோர்னியா ஓரளவு பதில் வைத்திருக்கிறது. இங்கே மாற்றுப் பள்ளி என்ற தகுதியைக் கேட்கும் பள்ளியில் 70 சதவீத மாணவர்கள் குறிப்பிட்ட வகைகளுக்குள் வர வேண்டும். வகைகள் இறுக்கமானவை: பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர், நீதிமன்றப் பொறுப்பில் இருப்பவர், படிப்பை விட்டுத் திரும்பியவர், கிரெடிட்டில் பின்தங்கியவர், கர்ப்பிணி அல்லது குழந்தை பெற்றவர், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர், வீடில்லாதவர் என்று. ஆங்கிலம் கற்கிறவர், ஏழை என்பது மட்டும் போதாது. தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளையை வைத்துத் தகுதி வாங்க முடியாது.

2019இல் வந்த ஏபி 1505 என்ற சட்டம் சார்ட்டர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பள்ளிகளை மதிப்பீட்டின்படி மூன்று தரமாகப் பிரித்தது. இந்த மாற்றுப் பள்ளிகளை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் முதல் ஆண்டிலேயே உரிமம் கொடுத்தவரும் பள்ளியும் உட்கார்ந்து எந்த அளவுகளால் அளப்பது என்று பேசி முடிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்த "முதல் ஆண்டிலேயே" என்ற பகுதி. ஐந்தாம் ஆண்டு மூடும் நேரத்தில் "எங்கள் பிள்ளைகள் வேறு மாதிரி" என்று புதிதாகக் கதை சொல்ல முடியாது.

ஆனால் கலிஃபோர்னியா யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஏ3 எஜுகேஷன் வழக்கு இங்கேதான். 2019இல் சான் டியாகோ அரசு வழக்கறிஞர் 11 பேர் மேல் குற்றம் சாட்டினார், தொகை 40 கோடி டாலர். விளையாட்டு முகாம்களுக்கு வந்த பிள்ளைகளின் விவரங்களை வாங்கி இணையப் பள்ளியில் சேர்ந்ததாகக் காட்டினார்கள். உரிமம் கொடுத்தவற்றில் சில மிகச் சிறிய பள்ளி மாவட்டங்கள். மேற்பார்வைக் கட்டணமே அவற்றுக்குப் பெரிய வருமானம். ராமநாதபுரத்தார் மேலே சொன்னாரே, அதே வியாதி.

ராமநாதபுரத்தான்:
அதனால்தான் கேட்கிறேன். இவ்வளவு திருட்டு நடக்கும் என்று தெரிந்தும் இந்தப் பிள்ளைகளை எதற்கு சார்ட்டரிடம் விட வேண்டும்? ஒவ்வொரு மாவட்டமும் தானே ஒரு மாலைப் பள்ளி நடத்தட்டும்.

கொலம்பஸ்வாசி:
மாவட்டங்கள் நடத்துகின்றன சார், நல்லதாகவும் சில இருக்கின்றன. ஆனால் மாவட்டப் பள்ளியிலிருந்து ஒதுங்கியவன் அதே மாவட்டத்தின் இன்னொரு கட்டடத்துக்குத் திரும்புவதற்குத் தயங்குகிறான். அமெரிக்காவில் சார்ட்டர் தொடங்கியதே இப்படிப்பட்ட பிள்ளைகளிடமிருந்துதான். மின்னசோட்டா 1991இல் முதல் சட்டம் போட்டது. 1992இல் செயின்ட் பாலில் திறந்த சிட்டி அகாடமிதான் நாட்டின் முதல் சார்ட்டர் பள்ளி. படிப்பை விட்டவர்களுக்காகத் திறந்தது. மதிப்பெண் போட்டி, வெயிட்டிங் லிஸ்ட், நகரத்துக்கு நகரம் கிளை என்பதெல்லாம் பிறகு வந்தவை.

இண்டியானாவைப் பாருங்கள். குட்வில் அமைப்பு 2010இல் இண்டியானாபொலிஸில் எக்செல் சென்டர் என்று ஒன்றைத் தொடங்கியது. பெரியவர்கள் உண்மையான உயர்நிலைப் பள்ளி டிப்ளமோ வாங்கும் இடம். எட்டு வார காலத் தவணைகளாகப் பாடம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இலவச இடம். பெரியவர்களுக்கான பள்ளிகளுக்குத் தனி நிதி, தனி விதி. அங்கே நான்கு ஆண்டுத் தேர்ச்சி விகிதம் என்று கேட்டால் சிரிப்பார்கள், 35 வயதுக்காரிக்கு எந்த நான்கு ஆண்டு?

தணிக்கைக்காரன்:
அதுதான் என் கட்சியும். பெரியவர்களைத் தனியாக எடுத்துவிட்டால் 16, 17 வயதுக்காரர்களின் கணக்கு தெளிவாகிவிடும். அவர்களுக்கு நான் கேட்பது ஒன்றே: உள்ளே வரும்போது எத்தனை கிரெடிட், ஓர் ஆண்டு கழித்து எத்தனை. தேர்வு மதிப்பெண்ணைவிட அது நேர்மையானது.

டாலஸ் மதி:
கிரெடிட்டையும் ஊதிப் பெருக்கலாம் அண்ணா. கணினி முன் உட்கார வைத்து மூன்று வாரத்தில் ஓர் ஆண்டு ஆங்கிலப் பாடத்தை "முடித்துக்" கொடுக்கிறார்களே! மாநிலத் தேர்வு ஒன்றாவது வெளியிலிருந்து வருவதாக இருக்கட்டும்.

தணிக்கைக்காரன்:
அது உண்மை. இரண்டும் வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும்.

சின்சினாட்டி செல்வி:
இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்கு நான் மொழிபெயர்த்து உதவுகிறேன். அவர்கள் பையனுக்கு 18 வயது, பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான், கிடங்கில் வேலை. இப்போது திரும்பப் படிக்க ஆசைப்படுகிறான். இந்த வகைப் பள்ளி ஒன்றிலிருந்து வீட்டுக்கு விளம்பரத் தாள் வந்திருக்கிறது, சேர்ந்தால் மடிக்கணினி இலவசமாம். நம்பலாமா?

தணிக்கைக்காரன்:
மடிக்கணினியை விடுங்கள் அம்மா. மாநிலக் கல்வித் துறை இணையதளத்தில் அந்தப் பள்ளியின் பெயரைப் போட்டால் மதிப்பீட்டு அட்டை வரும். இந்த வகைப் பள்ளிகளுக்கு ஒரு தரம் "எக்சீட்ஸ்", ஒரு தரம் "மீட்ஸ்", ஒரு தரம் "டஸ் நாட் மீட்". கடைசியது இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து இருந்தால் ஆண்டின் நடுவில் மூடும் ஆபத்தையும் யோசியுங்கள். ஸ்பான்சர் யார் என்றும் அங்கேயே இருக்கும்.

கொலம்பஸ்வாசி:
நேரில் போய்க் கேளுங்கள். அவனுடைய கிடங்கு வேலை நேரத்துக்கு எந்த ஷிஃப்ட் ஒத்துவரும், பாடம் எடுக்க ஆசிரியர் இருப்பாரா அல்லது வெறும் திரையா, இரண்டு வாரம் வராவிட்டால் யார் வீட்டுக்கு ஃபோன் செய்வார்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு ஆளின் பெயரைச் சொன்னால் நல்ல பள்ளி. பழைய பள்ளியிலிருந்து டிரான்ஸ்கிரிப்டை (தேறிய பாடங்களின் பதிவுத் தாள்) முதலில் வாங்கிவிடுங்கள். 18 ஆகிவிட்டதால் அவனே கையெழுத்துப் போட்டுக் கேட்கலாம், பெற்றோர் போக வேண்டியதில்லை. எத்தனை கிரெடிட் ஏற்கிறார்கள் என்பதைச் சேருவதற்கு முன் எழுத்தில் வாங்கவும். ஒஹாயோவில் 22 வயது வரை இலவசம், அதற்கு மேல் பெரியவர்களுக்கென்று தனி டிப்ளமோ திட்டம் இருக்கிறது.

சின்சினாட்டி செல்வி:
நன்றி. 11 கிரெடிட் இருக்கும் என்று சொல்கிறான், தாளைப் பார்த்தால்தான் தெரியும். திங்கட்கிழமை அவனை அழைத்துக்கொண்டு பழைய பள்ளி அலுவலகத்துக்குப் போகிறோம்.

கொலம்பஸ்வாசி:
கிடைத்ததும் பெயரை மறைத்துவிட்டு எனக்குத் தனிமடலில் போடுங்கள். எந்தப் பாடம் பாக்கி என்று பார்த்துச் சொல்கிறேன். கணக்கு பாக்கி இருந்தால் ஜூமில் நானே சொல்லித் தருகிறேன்.